பட்டாளத்து வாழ்க்கையும் ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 1987-இல் மதராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்து, 2011-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊர் வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். மாலை நேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பதாலும், முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதாலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சமாகும் என்று தோன்றியது. விதிமுறைகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் மட்டும், நடப்பில் இருக்கும் ஆணை எது என்று உரிய அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அரசாணைகள் அவ்வப்போது மாறுபவை.

வேலூர்ப் பக்கத்திலிருந்து இத்தனை பேர் பட்டாளத்துக்குப் போகக் காரணம் என்ன?

வீரம் என்று மேடையில் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அப்பா காலத்திலேயே பாலாற்றில் தண்ணீர் ஓடிய நாட்களைவிட மணல் கிடந்த நாட்கள்தான் அதிகம். மானாவாரி நிலத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு, மழை பொய்த்தால் கடன் வாங்கி, அடுத்த ஆண்டும் அதையே செய்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு, மாதம் பிறந்தால் தவறாமல் மணியார்டர் வரும் வேலை என்று தெரிந்தது பட்டாளம் ஒன்றுதான். ஒரு வீட்டுப் பிள்ளை போய்ச் சேர்ந்து கூரை வீட்டை மாடி வீடாக்கிவிட்டால் அடுத்த ஆண்டு அந்தத் தெருவே கிளம்பிவிடும்.

இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், 1914-18 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதாகவும் அவர்களில் 14 பேர் உயிர் துறந்ததாகவும் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். காய்கறி வாங்கப் போகிற கூட்டத்தில் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை மக்கள் இன்றும் ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். அதே வேலூரின் கோட்டைக்குள்தான் 1806 ஜூலை 10 அன்று மதராஸ் படைச் சிப்பாய்கள் வெள்ளை அதிகாரிகளுக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பினார்கள். புதுவகைத் தலைப்பாகையும், நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்ற ஆணையும் அதற்கு உடனடிக் காரணங்களாக அமைந்தன. பட்டாளத்துக்கு விசுவாசமாக இருந்த கதையை மட்டும் சொல்லி இந்தக் கதையை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பயிற்சிக் காலம் எப்படி இருந்தது?

மதராஸ் ரெஜிமென்டின் தொடக்கத்தை 1758-லிருந்து கணக்கிடுகிறார்கள். அதன் பயிற்சி மையம் நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அந்த ஊரின் குளிர்தான் முதல் எதிரியாக இருந்தது. விடியற்காலை விசில் ஊதியதும் பனிமூட்டத்தில் ஓட்டம், பிறகு டிரில், பிறகு ஆயுதப் பயிற்சி, இடையிடையே உஸ்தாத் எனப்படும் பயிற்சியாளரின் வசை என்று பொழுது போகும். கட்டில்மேல் சீருடை, சாக்ஸ், மக், தட்டு, ரேசர் எல்லாவற்றையும் அளவெடுத்தது போல அடுக்கிவைக்க வேண்டும். ஒரு விரற்கடை விலகியிருந்தாலும் மொத்தத்தையும் கீழே தள்ளிவிட்டுப் போவார். அப்போது அது வெறும் கொடுமையாகத் தெரிந்தது. பின்னாளில் இருட்டில், கையுறையுடன், பையின் எந்த மூலையில் முதலுதவித் துணி இருக்கிறது என்று தேடாமல் எடுக்க முடிந்தபோதுதான் அந்த அடுக்கலின் பயன் புரிந்தது.

பயிற்சி முடிந்ததும் கசம் பரேடு என்ற உறுதிமொழி அணிவகுப்பு நடக்கும். ரெஜிமென்டின் கொடியையும் அவரவர் மத நூலையும் சாட்சியாக வைத்து, தரை வழியாகவோ கடல் வழியாகவோ வான் வழியாகவோ எங்கே அனுப்பினாலும் போவேன், உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலும் ஆணையை நிறைவேற்றுவேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தச் சொற்களின் எடை விளங்காது. மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் தாயாருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். அன்று மாலை முழுவதும் அவர் என் கையை விடவில்லை.

இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், அங்கேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடரும் ஒரே பாரக்கில் படுத்து எழுவதால் நான்கு மொழியும் கலந்த ஒரு பேச்சு தானாகவே வந்துவிடும். பிள்ளைகளே, நீங்கள் பயப்பட வேண்டியது ஆள்சேர்ப்பில் வைக்கும் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத்தானே தவிர இந்திக்கு அல்ல.

நீங்கள் போர் பார்த்திருக்கிறீர்களா?

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால் கேட்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். உண்மையான பதில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

1999 கார்கில் போரின்போது எங்கள் பட்டாலியன் வேறிடத்தில் இருந்தது. அந்தப் போரில் பீகார் ரெஜிமென்டைச் சேர்ந்த திருச்சிக்காரர் மேஜர் சரவணன் பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்தார். வீர் சக்ரா பெற்ற அவருடைய நினைவிடம் திருச்சியில் இருக்கிறது. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டதையடுத்து ஆபரேஷன் பராக்கிரம் என்ற பெயரில் ராணுவம் எல்லைக்கு நகர்ந்தபோது நாங்களும் ராஜஸ்தான் மணற்காட்டுக்குப் போனோம். நாளைக்குப் போர், அடுத்த வாரம் போர் என்று காத்திருந்தே 2002 அக்டோபர் வந்துவிட்டது. போர் வரவில்லை, திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பத்து மாதத்தையும் வெறும் காத்திருப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எல்லையோரம் நெடுகக் கண்ணிவெடி புதைக்கப்பட்டது. எத்தனை புதைத்தோம், எந்த வரிசையில், எத்தனை அடி இடைவெளியில் என்று ஒவ்வொன்றையும் பதிவேட்டில் குறித்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, முள்வேலி கட்டி, சிவப்பு முக்கோணம் தொங்கவிட வேண்டும். புதைத்த பிறகு கோடைக்காற்று வந்தது. தார்ப் பாலைவனத்தில் நேற்று மேடாக இருந்த மணல் இன்று பள்ளமாகிவிடும்; வரைபடத்தில் புள்ளி இருந்த இடத்தில் வெடி இருக்காது. திரும்ப எடுக்கும் வேலை வந்தபோது, வயிற்றின்மேல் படுத்து, கூர்முனைக் கம்பியைச் சாய்வாக மணலுக்குள் செருகிச் செருகி, நாங்கள் புதைத்ததை நாங்களே தேடினோம். கம்பி கெட்டியாக எதிலோ முட்டும். அது கல்லாகவும் இருக்கலாம். போரே நடக்காத அந்த ஆபரேஷனில் கண்ணிவெடியால் மட்டும் பலர் உயிரையும் காலையும் இழந்தார்கள். விதைக்க முடியாமல் போன நிலத்தைப் பார்த்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ராஜஸ்தான் விவசாயிகளின் முகம் எங்கள் ஊர் முகம் போலவே இருந்தது. அதைப் போர் என்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சியாச்சினில் இருந்தது உண்மையா? அங்கே எப்படி வாழ்கிறார்கள்?

உண்மை. 1984 ஏப்ரல் 13 அன்று ஆபரேஷன் மேகதூத் தொடங்கியதிலிருந்து அந்தப் பனியாற்றின் மேல் நம் ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பீரங்கிக் குண்டும் வரும். 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகு அந்தச் சத்தம் நின்றது. ஆனால் அங்கே குண்டுபட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் உயரத்தாலும் இறந்தவர்களே அதிகம் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

நேராக மேலே ஏற்றிவிட மாட்டார்கள். ஒவ்வொரு உயரத்திலும் உடம்பைப் பழக்க ஆறு நாள், நான்கு நாள், மறுபடி நான்கு நாள் என்று நிறுத்தி வைப்பார்கள். அவசரப்பட்டு ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், விடிவதற்குள் ஆள் போய்விடுவார். நடக்கும்போது இடுப்பில் கயிறு கட்டி ஒருவரை ஒருவர் பிணைத்துக்கொள்வோம். பனிக்கு அடியில் இருக்கும் பிளவு மேலிருந்து தெரியாது. போஸ்ட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு இரவும் பகலும் எரியும். அதன் கரி மூக்கிலும் தொண்டையிலும் படிந்து, துப்பினால் கறுப்பாக வரும். கீழே இறங்கிப் பல நாள் கழித்தும் வந்தது. பற்பசை கல்லாகிவிடும். வெறுங்கையால் துப்பாக்கியின் இரும்பைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். சோறு வேக வேண்டுமானால் பிரஷர் குக்கரும் பொறுமையும் வேண்டும். மனைவி அரைத்துக் கொடுத்த சாம்பார்ப் பொடியை ஒரு தம்பி மேலே கொண்டுவந்திருந்தான். பனியை உருக்கி, டின்னில் வந்த காயைப் போட்டு அவன் வைத்த சாம்பாருக்குப் பாலக்காட்டுக்காரரும் குண்டூர்க்காரரும் சண்டை போட்டார்கள். அதே தம்பியின் வலக்கை விரல்களில் இரண்டைப் பின்னர் எடுக்க வேண்டியதாயிற்று, பனி கடித்துவிட்டது.

2016 பிப்ரவரி 3 அன்று மதராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியன் போஸ்ட் ஒன்று பனிச்சரிவில் புதைந்து பத்துப் பேர் சிக்கிய செய்தி வந்தபோது எங்கள் ஊரில் என்னிடம் விவரம் கேட்டு வந்தவர்கள் ஏராளம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஆறு நாள் கழித்து கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிருடன் எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்தார். அந்தப் பத்துப் பேரைப் பற்றி இரண்டு வாரம் பேசிய தொலைக்காட்சிகள், அவர்களுடைய மனைவிமார் அதன் பிறகு ஏறி இறங்கிய அலுவலகங்களைப் பற்றிப் பேசவில்லை.

இலங்கைக்கு அனுப்பப்பட்டீர்களா? தமிழராக அதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை அங்கே போனபோது நான் பயிற்சியில் இருந்தேன். 1990 மார்ச்சில் படை திரும்பும்வரை என்னை அனுப்பவில்லை. எனக்கு மூத்தவர்கள் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். ஈழத் தமிழ் மக்கள் பட்டதும் பெருந்துயரம். எங்கள் மூத்தவர்களின் நிலை தனியானது. கேட்கும் குரல் தாய்மொழியில் கேட்க, அதற்கு எதிராக ஆயுதம் ஏந்தி நிற்க வேண்டியிருந்தது. படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது மாநில முதலமைச்சர் வரவேற்புக்குப் போகவில்லை. அதற்கு அவருடைய காரணங்கள் இருந்தன, தமிழ்நாட்டில் பலரும் அதை ஏற்றார்கள். கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய் அந்த முடிவுகள் எதையும் எடுத்தவர் அல்லர். அவர்களில் பெரும்பாலோர் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் அப்படி இருந்தால் தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். அவராகச் சொல்ல வந்தால் குறுக்கே தீர்ப்புச் சொல்லாமல் கேளுங்கள்.

இத்தனை ஆண்டுகள் குடும்பம் என்ன செய்தது?

குடும்ப வாழ்க்கை இரண்டு வகை. பீஸ் ஸ்டேஷன், அதாவது எல்லையை விட்டு விலகிய அமைதியான முகாம், கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். ஃபீல்டு எனப்படும் களப்பணி என்றால் கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரி மட்டுமே வீட்டில் இருக்கும். அது எந்த மலையைக் குறிக்கிறது என்று வீட்டாருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. லீவு கிடைத்தால் ஜம்முவில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸைப் பிடித்து மூன்று இரவு ரயிலில் கிடந்து காட்பாடி வந்து சேர வேண்டும். வந்து இறங்கும்போதே திரும்பும் நாளை எண்ணத் தொடங்கிவிடுவோம்.

என் மனைவி பத்தாம் வகுப்பு படித்தவர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டது, வீடு கட்டியது, என் தந்தைக்கு நெஞ்சுவலி வந்த இரவில் வாடகைக் கார் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனது எல்லாமே அவர்தான். தந்தை இறந்த தந்தி என் கையில் கிடைத்தபோது பாதை பனியில் மூடிக் கிடந்தது. நான் வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. என் தம்பி கொள்ளி வைத்திருந்தான், செலவுக் கணக்கை என் மனைவி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

ஓய்வு பெற்று வந்ததும் வீட்டில் பழகுவது ஏன் கடினமாக இருக்கிறது?

ஓய்வு பெற்று வரும் தம்பிமார் அனைவரும், வெளிப்படையாகவோ சுற்றி வளைத்தோ, கேட்பது இதைத்தான். பட்டாளத்தில் எப்போது எழ வேண்டும், என்ன உடுத்த வேண்டும், எங்கே போக வேண்டும் என்று யாரோ ஒருவர் எழுதி ஒட்டிவிடுவார். வெளியே வந்ததும் அந்தத் தாள் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் இல்லாமலேயே வீடு ஓடப் பழகியிருக்கும். என் மகளின் பள்ளியில் சுற்றுலாவுக்கு ஒப்புதல் கேட்டுப் படிவம் வந்தது. அவள் என்னைத் தாண்டிப் போய் அம்மாவிடம் நீட்டினாள், அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாரும் என்னை அவமதிக்க நினைக்கவில்லை; அத்தனை ஆண்டுகளும் அந்தக் கையெழுத்து அவருடையதாகவே இருந்தது. அப்போது ரேஷன் அட்டையில் என் பெயர்கூட இல்லை.

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வந்த மறுவாரமே வீட்டுக்குக் கமாண்டராகி, சாப்பாட்டு நேரம், படிப்பு நேரம் என்று ஸ்டாண்டிங் ஆர்டர் போடுகிறார்கள். பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள், அவரோ ராணுவக் கேண்டீனில் வாங்கிய மது பாட்டிலைத் திறக்கிறார். என் அறிவுரை, முதல் ஆறு மாதம் எதையும் மாற்றாதீர்கள். மின்கட்டணம் எங்கே கட்டுகிறார்கள், உரம் யாரிடம் வாங்குகிறார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடம்புக்கும் பழைய பழக்கம் போகாது. காஷ்மீரில் சாலைத் திறப்புப் பணியில், வண்டிகள் வருமுன் ஒவ்வொரு சிறுபாலத்தின் அடியிலும் குனிந்து வெடி இருக்கிறதா என்று பார்ப்போம். ஊருக்கு வந்து பல ஆண்டு ஆன பிறகும் ஆரணி சாலையில் பைக் ஓட்டும்போது சிறுபாலம் வந்தால் என் கை தானாக வேகத்தைக் குறைக்கும். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் கை ஓங்குகிறது, தனியாக இருக்கும்போது தவறான எண்ணம் வருகிறது என்றால் அது சிரிக்கும் விஷயமல்ல. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பவர்களிடம், பனி கடித்த விரலை மருத்துவரிடம் காட்ட வெட்கப்பட்டோமா என்று கேட்பேன்.

ஓய்வுக்குப் பிறகு என்ன வேலை கிடைக்கும்?

சிப்பாயாக வெளியே வருபவருக்கு முப்பத்தைந்து, நாற்பது வயதுதான் இருக்கும். பிள்ளைகள் அப்போதுதான் மேல்வகுப்புக்குப் போவார்கள். ஆகவே இரண்டாவது வேலை பெரும்பாலோருக்குக் கட்டாயம். வந்தவுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகளில் எழுத்தர் நிலையில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு உண்டு. மெட்ரிகுலேஷன் முடித்துப் பதினைந்து ஆண்டு பணி செய்தவருக்கு, பட்டப்படிப்புக்கு இணையாக ராணுவம் தரும் சான்றிதழைப் பெறாமல் வெளியே வராதீர்கள். நுட்பத் தகுதி தேவைப்படாத பல பணிகளுக்கு அது போதும். டெக்ஸ்கோ எனப்படும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் 1986 முதல் அரசு நிறுவனங்களுக்குக் காவலர்களை அனுப்பி வருகிறது. நானும் சில ஆண்டுகள் அவ்வழியாக வேலை பார்த்தேன். தொழில் தொடங்க விரும்புவோருக்கு, 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மூலதன மானியமும் உண்டு.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்து எட்டு மணி நேரச் சம்பளம் தரும் இடங்கள் இருக்கின்றன. அப்படியோர் இடத்தில் மூன்று மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். நியமன ஆணையும் பி.எஃப். எண்ணும் இல்லாமல் சேராதீர்கள்.

ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலான நிலைகளில் பதினைந்து ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியம் உண்டு. அடிப்படையில் அது கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பாதி. அதில் ஒரு பகுதியை விற்று மொத்தமாகப் பெற்றிருந்தால் பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பகுதி மீண்டும் சேரும். சேர்ந்ததா என்று கவனித்துக்கொள்ளுங்கள். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற ஆணை 2015 நவம்பரில் வெளிவந்து 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் என்பதால் 2019-லும் 2024-லும் தொகை மாறியது. முன்பு வங்கி பார்த்துக்கொண்ட வேலையை இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறை செய்கிறது. ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும்; கைபேசியிலேயே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம்.

மனைவியின் பெயரில் பிழை இருக்கிறது. அதனால் என்ன ஆகும்?

எல்லாமே ஆகும். என்னிடம் வரும் மனுக்களில் பாதிக்குமேல் இதுதான். கல்யாணம் ஆனதும் பட்டாலியன் கிளார்க்கிடம் பெயர் சொல்வோம்; வடநாட்டுக் கிளார்க் தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதுவார்; பகுதி இரண்டு ஆணை எனப்படும் பதிவாக அது வெளிவந்து, பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் நிரந்தரமாகிவிடும். ஒரு குடும்பத்தில் ராஜேஸ்வரி அம்மா, கணவர் பணியிலிருந்து விடுபட்டபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ராஜஸ்ரீ ஆகியிருந்தார், ஆதாரில் ஆர். ராஜேஸ்வரி, வங்கியில் ராஜேஸ்வரி அம்மாள். பழைய ஓய்வூதியர் பலரின் ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயரே இல்லை. கணவர் உயிருடன் இருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. அவர் போன மறுமாதம், நீங்கள்தான் அந்த மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள்.

ஆகவே இன்றே அலமாரியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மனைவியின் ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் உறுதிமொழிப் பத்திரத்துடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக உங்கள் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு மனு அனுப்புங்கள். திருத்தம் அங்கிருந்து பிரயாக்ராஜ் ஓய்வூதிய அலுவலகம் வரை போக வேண்டும். அந்த ஊரின் பழைய பெயரான அலகாபாத் என்றால் எங்கள் தலைமுறைக்குக் கும்பமேளா நினைவுக்கு வராது, ஓய்வூதிய ஆணைதான் நினைவுக்கு வரும். படைவீரர் உயிருடன் கையெழுத்துப் போடும்போது சில மாதங்களில் முடிகிற இந்த வேலை, அவருக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

கேண்டீன் கார்டில் எங்களுக்கும் சரக்கு வாங்கித் தர முடியுமா?

முடியாது. மதுவுக்கு மாத அளவு உண்டு, அது கார்டு வைத்திருப்பவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். வெளியே விற்றால் கார்டும் போகும், வழக்கும் வரும். சோப்பு, எண்ணெய் பற்றியும் இதே பதில்தான் என்பதால் மாமன் மச்சான்கள் மன்னிக்கவும்.

மருத்துவ வசதி எப்படி?

2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் ஒருமுறை பணம் கட்டிச் சேர்ந்தால் கணவனுக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுவதும் சிகிச்சை உண்டு. மகனுக்கு 25 வயது அல்லது சம்பாதிக்கும்வரை, மகளுக்குத் திருமணம் அல்லது சம்பாதிக்கும்வரை. வழக்கமாகத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் (சிறு மருத்துவமனையில்) சீட்டு வாங்கி அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசரமென்றால் நேரே போய்ச் சேர்ந்துவிட்டு உடனே தகவல் கொடுக்கலாம். மருந்துத் தட்டுப்பாடும் வரிசையும் உண்டு. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைக்கும் நிலை வந்தவர்களுக்கு அந்த அட்டையின் அருமை தெரியும்.

இப்போது அக்னிவீராகச் சேரலாமா?

2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டப்படி நான்கு ஆண்டு பணி. முடிவில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்ச ரூபாய் சேவாநிதியுடன் வெளியே வருவார்கள், ஓய்வூதியம் இல்லை. இந்தப் பக்கத்தில் நான் ஓய்வூதியம் பற்றிச் சொன்ன எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. என் கருத்தைக் கேட்டால், மணியார்டரை நம்பி ஊரே பட்டாளத்துக்குப் போன கணக்கு இத்துடன் முடிந்துவிட்டது. ஓட எனக்கு ஆசை, அந்த உடுப்பு எனக்கு வேண்டும் என்று வரும் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வா, நான்கு ஆண்டிலும் அஞ்சல்வழியில் ஒரு பட்டத்தை முடி என்று பெற்றோர் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணவர் இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் பெற நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இறப்புச் சான்றிதழை ஐந்தாறு பிரதியாக வாங்கிவையுங்கள். ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவித்து, குடும்ப ஓய்வூதியக் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். கணினி தெரியாவிட்டால் பொதுச் சேவை மையத்திலோ முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலோ செய்து தருவார்கள். அவர் கணக்குக்கு அதன் பிறகும் ஓய்வூதியம் வந்தால் எடுக்காதீர்கள், பின்னர் பிடித்தம் செய்வார்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றபின் இறந்தவருக்கு 67 வயது நிறைந்திராவிட்டால், ஏழு ஆண்டு வரை அல்லது அவருக்கு 67 வயது நிறையும் நாள்வரை, எது முன்னதோ அதுவரை, உயர்த்தப்பட்ட விகிதம் கிடைக்கும். இ.சி.எச்.எஸ். அட்டையும் கேண்டீன் கார்டும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும், அவை தாமாக மாறா. மகனையோ மைத்துனரையோ மட்டும் அனுப்பாமல் நீங்களே அலுவலகத்துக்கு வாருங்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் தேதி முத்திரையுடன் ஒப்புதல் வாங்குங்கள். எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று புரியாவிட்டால் தாள்களை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வரலாம்; படிவங்களை இப்போதெல்லாம் என்னைவிட என் மனைவி பிழையில்லாமல் நிரப்புகிறார்.